படிமமும் சான்றும்: ‘என் இனிய இயந்திரா’ பற்றி ஒரு கருத்து

ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, எதிர்காலத்தைக் களனாகக் கொண்ட அறிவியற் புதினம். அதில் மக்கள் ஈரெழுத்துப் பெயரும் எண்ணும் தாங்கி வாழ்வர். அவர்களை ஆளும் ஜீவாவோ வெறும் ஒளிப்படிமம். எண்ணும் படிமமும் மாந்தர்தம் அடையாளத்தை விழுங்கும் என்பதே புதினத்தின் உள்ளுறை. எந்திர நாயாகிய ஜீனோவை நிலாவிற்குத் துணையாக்கியமை நயமுடைத்து. ஆயினும், இவ்வுள்ளுறை முற்றும் ஏற்புடைத்தன்று.

நெய்வேலிக்கு அணித்தாய விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலிலிருந்து களவுபோன சோழர்கால அர்த்தநாரீசுவரர் கற்சிற்பத்தை, 2004-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. சிற்பத்தின் உரிய இடத்தை நிறுவ உதவியது, புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் காத்துவைத்த பழைய நிழற்படம். 2014-இல் சிற்பம் இந்தியாவிற்கு மீண்டது. ஈண்டுப் படிமமே மூலத்தை மீட்டது என்க.

பதிவு ஆள்வோர்க்குக் கருவியாதலைப் புதினம் திறம்படக் காட்டுகின்றது. இழந்தோர்க்குச் சான்றாதற்கு அதில் உரிய இடமில்லை. சுரங்கத்திற்காக ஊர்கள் இடம்பெயர்ந்த நெய்வேலியில் இக்குறை சிறிதன்று. நிலம் அகழப்பட்டபின், ஓர் ஊர் இருந்ததென்பதற்கு ஏடும் படமும் பெயருமே எஞ்சும். ஆதலின், பதிவை அஞ்சுதல் மட்டும் அமையாது. அது யார் கையில் உளதென வினவுதலே இத்தகைய புதினத்திற்குக் கடன்.