அண்டை வீட்டார் ஏற்ற பராமரிப்பு: கேரள நோய்த்தணிப்பு இயக்கத்தின் வலிமையும் வரம்பும்

குணப்படுத்த இயலாத நோயுடன் வாழ்பவரின் வலியையும், அதனோடு சேர்ந்து வரும் மூச்சுத்திணறல், படுக்கைப்புண், அச்சம், பணமுடை ஆகியவற்றையும் தணிப்பதை நோக்கமாகக் கொண்ட மருத்துவத் துறை நோய்த்தணிப்புப் பராமரிப்பு எனப்படுகிறது. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல்வலியும் மனவேதனையும் குடும்பச் சிக்கலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை ‘முழு வலி’ என்னும் கருத்தால் விளக்கியதிலிருந்து இத்துறை தனி வடிவம் பெற்றது. இந்தியாவில் இத்தகைய முதல் காப்பகம் 1986-இல் மும்பையில் உருவானது. எனினும், கட்டடத்தையும் படுக்கைகளையும் நம்பிய அம்முறை இந்தியாவின் தேவையில் மிகச் சிறு பகுதியையே எட்ட முடிந்தது. கேரளத்தில் கண்டறியப்பட்ட வழி, நோயாளியைக் காப்பகத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக, பராமரிப்பை அவருடைய வீட்டுக்கே கொண்டுசெல்லும் பொறுப்பை அவ்வூராரிடம் ஒப்படைப்பதாக இருந்தது.

இதன் தொடக்கம், 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களுடன் சேர்ந்து நிறுவிய வலி, நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கமாகும். புறநோயாளிப் பிரிவாகச் செயல்பட்ட அச்சங்கம், கடும் வலியில் இருப்பவரே பயணம் செய்ய இயலாதவராகவும் இருக்கிறார் என்னும் முரண்பாட்டை விரைவில் எதிர்கொண்டது. அதற்கு விடையாக, 2000-ஆம் ஆண்டையொட்டி மலப்புரம் மாவட்டத்தில் அண்டையர் வலையமைப்பு என்னும் ஏற்பாடு உருப்பெற்றது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கக்கூடியவர்கள் தன்னார்வலர்களாகச் சேர்க்கப்பட்டு, 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் பெற்றனர். பயிற்சி முடித்தோர் பத்துப் பதினைந்து பேராகக் கூடித் தம் பகுதிக்கென ஓர் அலகைத் தொடங்கினர்.

இவ்வமைப்பின் உண்மையான புதுமை, தன்னார்வலர் இருந்ததில் அன்று, அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில் இருக்கிறது. வழக்கமான தொண்டு மருத்துவமனைகளில் தன்னார்வலர் மருத்துவருக்கு உதவியாளராகவே நிற்கிறார். இங்கோ அலகு ஊராருடையது, செவிலியரையும் மருத்துவரையும் அமர்த்துவதும் அவர்களே. இந்தத் தலைகீழ் மாற்றத்தின் பயன் வீட்டுச் சந்திப்பில் தெளிவாகப் புலப்படுகிறது. செவிலியர் சிறுநீர்க் குழாயை மாற்றி, புண்ணைத் துடைத்துக் கட்டி, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையை வீட்டாருக்குக் கற்பிக்கும் வேளையில், உடன்வந்த அண்டை வீட்டுக்காரரின் கண், அரிசிப் பானை காலியாக இருப்பதையும், கூரை ஒழுகுவதையும், பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை அந்நேரத்தில் வீட்டில் இருப்பதையும் கவனிக்கிறது. மருந்துச்சீட்டில் இடம்பெறாத இந்தத் தேவைகளை, அரிசி, பள்ளிச் செலவு, தொழில்பயிற்சி என்னும் உதவிகளாக அலகுகள் ஏற்றுக்கொண்டன. சாண்டர்ஸ் கருத்தளவில் கூறிய முழு வலியை, மருத்துவக் கல்வி பெறாத கடைக்காரரும் ஆசிரியரும் ஓட்டுநரும் நடைமுறையில் கையாண்டனர் என்பது மிகையான பாராட்டு ஆகாது.

நிதி திரட்டும் முறையும் இதே இயல்புடையது. கடை உண்டியல்களில் விழும் சில்லறையும், பத்து ரூபாய்க்கும் குறைவான சிறு நன்கொடைகளும் பல அலகுகளின் முதுகெலும்பாக இருந்தன. பெரும் கொடையாளர் ஒருவரை நம்பும் நிறுவனம் அவருடைய விருப்பத்துக்குக் கட்டுப்படும். ஆயிரம் பேரின் நாணயத்தால் இயங்குவது அந்த ஆயிரம் பேருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதாகிறது. ஆனால், இவ்வழி எல்லா மண்ணிலும் ஒரே அளவில் பலன் தராது. வளைகுடா வருமானமும், ஈகையை வலியுறுத்தும் சமய மரபும், நூலக, வாசகசாலைப் பழக்கமும், 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தால் வலுப்பெற்ற உள்ளாட்சியும் ஒருங்கே வாய்த்த இடம் மலப்புரம். அச்சூழலை விட்டுவிட்டு அமைப்பின் வரைபடத்தை மட்டும் பிற மாநிலங்களுக்குப் பெயர்த்துச் செல்வது ஏமாற்றத்தையே தரும்.

நேயம் மட்டுமே தணிக்க முடியாத வலியும் உண்டு; புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் இன்றியமையாதது. அபினியைச் சட்டப்படி உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா இருந்தும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப்பின் பல உரிமங்களைக் கோரிய நடைமுறையால் மார்ஃபின் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு எட்டாப் பொருளானது. ராஜகோபாலும் உடனாய்வாளர்களும் 2001-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, கோழிக்கோட்டில் வீட்டிலேயே வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளிகளிடையே மருந்து முறைகேடாகத் திசைமாறிய நிகழ்வு எதுவும் காணப்படவில்லை என்று காட்டியது. விதிகளைத் தளர்த்துவதற்கான வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று அக்காலத்தில் இல்லை. ஆயினும் நாடு முழுவதற்கும் உரிய சட்டத்திருத்தம் 2014-இல்தான் வந்தது. ஊராரின் முயற்சி எவ்வளவு ஆழமானதாயினும் சட்டத்தையும் மருந்து வழங்கலையும் அதனால் மாற்றீடு செய்ய முடியாது என்பதையே அந்த நீண்ட இடைவெளி உணர்த்துகிறது.

கேரளத்தின் சாதனைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, எகனாமிஸ்ட் புலனாய்வுப் பிரிவின் 2010 அறிக்கையாகும். இந்திய மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காடே கொண்ட கேரளம் நாட்டின் நோய்த்தணிப்புச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கை வழங்குவதாக அது கூறியது. இந்தக் கணக்கு சேவையின் பரப்பைக் காட்டுகிறதேயன்றி அதன் தரத்தைக் காட்டவில்லை. மேலும், அதே அறிக்கையின் 40 நாடுகள் கொண்ட பட்டியலில் இந்தியா கடைசி இடத்தில் இருந்தது. ஆகவே அந்த விகிதம் கேரளத்தின் பெருமையைப் போலவே எஞ்சிய இந்தியாவின் வறுமையையும் குறிக்கிறது.

அண்டையரை நம்பும் முறையின் மையமான குறை, அதன் வலிமை பிறக்கும் அதே இடத்தில் இருக்கிறது. அண்டை வீட்டாரின் கண் தனக்கு அறிமுகமானவர் மேல்தான் முதலில் விழும். ஊரில் வேரில்லாத வெளிமாநிலத் தொழிலாளியும், மனநோயாலோ எச்.ஐ.வி. தொற்றாலோ பழிச்சொல்லுக்கு அஞ்சிக் கதவடைத்திருக்கும் குடும்பமும் அந்தப் பார்வைக்கு வெளியே நின்றுவிடக்கூடும். கட்சிகளும் சமய அமைப்புகளும் தத்தம் பெயரில் அலகுகளைத் தொடங்கியதால் உதவிக்கரங்கள் பெருகியது உண்மை. அதே வேளையில், சாகும் தறுவாயில் இருப்பவரின் நன்றியுணர்வு ஓர் அமைப்பின் செல்வாக்காக மாறும் இடர்ப்பாடும் அதனுடன் வந்தது. கொடையாகப் பெறும் ஒருவரால், செவிலியர் வரவில்லை என்று முறையிட முடிவதில்லை.

இக்குறைக்கு மாற்றாகவே 2008-இல் கேரள அரசு வகுத்த நோய்த்தணிப்புக் கொள்கையை மதிப்பிட வேண்டும். ஊராட்சிகள் தம் நிதியிலிருந்து செவிலியரை அமர்த்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியே வீட்டுப் பராமரிப்பை நடத்தத் தொடங்கியபோது, ஊராரின் ஈகையாக இருந்தது குடிமக்களின் உரிமையாக மாறும் வாய்ப்பு ஏற்பட்டது. இழப்பும் இல்லாமல் இல்லை: பதிவேடும் வருகைக் கணக்கும் முன்னிலை பெறும் இடத்தில், அரிசிப் பானையைக் கவனிக்கும் கண் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டிலேயே நோய்த்தணிப்புச் சேவையையும் இயன்முறை சிகிச்சையையும் உள்ளடக்கி, இந்தப் பாதையின் எதிர்முனையிலிருந்து புறப்பட்டிருக்கிறது. அரசின் ஊழியர் முதலில் வந்துவிட்ட அங்கே, ஊராரை எவ்வாறு பங்காளிகளாக்குவது என்பதே இனி எழவேண்டிய கேள்வி.

இவை அனைத்தையும்விடக் குறைவாகவே பேசப்படுவது, வீட்டில் பராமரிப்பவரின் நிலையாகும். 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். இது இந்திய மாநிலங்களிலேயே மிக உயர்ந்த விகிதம். இதனால், வாரக்கணக்கில் நீடிக்கும் இறுதிக்காலப் பராமரிப்பாகத் தொடங்கிய பணி, பக்கவாதத்தாலும் முதுமையாலும் படுக்கையில் விழுந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டியதாகிவிட்டது. செவிலியர் வந்துபோகும் நாள்களுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் புண்ணைத் துடைப்பவரும் புரட்டிப் படுக்கவைப்பவரும் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகியோரே. ‘வீட்டுப் பராமரிப்பு’ குறைந்த செலவில் நடப்பதாகப் புகழப்படுவதற்கு அவர்களுடைய கூலியில்லா உழைப்பு கணக்கில் சேராததே முதன்மைக் காரணம். படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்போருக்கு ஆஸ்வாசகிரணம் என்னும் திட்டத்தின்கீழ் கேரள அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வகுத்தது, இந்த உழைப்பை அங்கீகரித்த அரிய நடவடிக்கை. ஆனால், வேலைக்குப் போவதைக் கைவிட்ட பெண்ணின் வருமான இழப்புக்கு அத்தொகை ஓரிரு நாள் கூலியளவுக்கே ஈடாகும். நோயாளிக்கெனப் பயிற்சி பெற்ற தன்னார்வலர், தம் வாரத்தின் இரண்டு மணி நேரத்தில் ஒரு பகுதியையேனும் அவர் அருகில் தாமே அமர்ந்து, பராமரிக்கும் பெண் வெளியே சென்றுவர விடுவிப்பதற்கு ஒதுக்குவது, கூடுதல் நிதி எதுவும் கோராத மாற்றம். அதை அலகுகளின் விருப்பத்துக்கு விடாமல் பயிற்சியிலேயே கட்டாயப் பகுதியாக்க வேண்டும்.