அறிவியல் விவாத ஒழுக்கம்: பணிவான சொல் மட்டும் போதுமா?

முன்னுரை

அறிவியல் கழகங்களும் ஆய்வுக் குழுக்களும் மாணவர் கருத்தரங்குகளும் விவாதத்திற்கென்று நடத்தை விதிகளை வைத்திருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே பட்டியலைக் காணலாம். பணிவாகப் பேசுக. ஆளைத் தாக்காமல் கருத்தைத் தாக்குக. பொருளை விட்டு விலகாதிருக்க. சொல்வதற்குச் சான்று காட்டுக. இவை தேவையான விதிகளே. ஆனால் இவை பேசுகிறவரின் நாவை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. தலைவரின் கடமை, அவையோரின் கடமை, உண்மை தெரிந்தும் வாய் திறவாதவரின் கடமை ஆகியவற்றைப் பற்றி இவை அதிகம் பேசுவதில்லை. இக்குறை எத்தகையது என்பதை 1935ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி நன்றாகக் காட்டுகிறது.

இலண்டன் கூட்டம்

சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். 1930இல், 19ஆம் வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றார். வெண் குறுமீன் எனப்படும் விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்ற கணக்கு அந்தப் பயணத்தில்தான் உருவாயிற்று. இன்றைய மதிப்பில் அது சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்ட நிறையுள்ள விண்மீன் வெண் குறுமீனாக நிலைபெற இயலாது.

1935 சனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் தம் முடிவுகளைச் சந்திரசேகர் எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 24. அடுத்துப் பேசியவர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்தில் விண்மீன் இயற்பியலில் அவருக்கு மேல் பெயர் பெற்றவர் இல்லை. சந்திரசேகரின் கணக்கு சரியென்றால் பெரிய விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், ஒளியும் தப்ப முடியாத நிலையை அடையும்; இயற்கை அவ்வாறு நடக்க விடாது; ஆகவே அடிப்படைச் சூத்திரமே பிழை என்று அவர் வாதிட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. தலைவர் அடுத்த கட்டுரைக்குச் சென்றுவிட்டார்.

எடிங்டன் அபத்தம் என்று தள்ளிய அந்த நிலையைத்தான் இன்று நாம் கருந்துளை என்கிறோம்.

எந்த விதி மீறப்பட்டது?

இந்நிகழ்ச்சியை வழக்கமான விதிப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எடிங்டன் வசைச்சொல் எதுவும் சொல்லவில்லை. பொருளை விட்டு விலகவும் இல்லை. இளைஞருக்குக் கூடுதல் நேரம் கிடைக்க ஏற்பாடு செய்ததே அவர்தான். பட்டியலில் உள்ள விதிகளின்படி அவருக்குத் தேர்ச்சி மதிப்பெண் போட்டாக வேண்டும்! இருந்தும் அங்கே ஓர் அநீதி நடந்தது என்பதை யாரும் உணரலாம். அப்படியானால் குறை பட்டியலில் இருக்கிறது.

எடிங்டன் எதிர்த்தது தவறு என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. புதிய முடிவை ஐயுறுவது அறிவியலாரின் கடமை. அவர் கண்ட விளைவும் சரியானதே. அதை அபத்தம் என்று கொண்டதுதான் பிழை. பிழைபடும் உரிமை அறிவியலில் எல்லோருக்கும் உண்டு.

தவறுகள் வேறு மூன்று. முதலாவது, முன்னறிவிப்பு இல்லாமை. முந்தைய மாதங்களில் கேம்பிரிட்ஜில் இருவரும் அடிக்கடி சந்தித்து இதே கணக்குகளைப் பற்றிப் பேசியிருந்தனர். தம் மறுப்பை எடிங்டன் ஒருநாளும் சொல்லவில்லை. அவையில்தான் அதை வெளியிட்டார். இரண்டாவது, மறுமொழி உரிமை மறுக்கப்பட்டது. இது எடிங்டனின் குற்றமன்று, தலைமையின் குற்றம். அதே ஆண்டு பாரிசில் நடந்த பன்னாட்டு வானியல் கூட்டத்திலும் இதே கதைதான். எடிங்டன் நெடுநேரம் பேசினார். மறுமொழி கூற அனுமதி கேட்ட சந்திரசேகரிடம், பேசாதிருப்பதே நல்லது என்று தலைமை வகித்த ஹென்றி நோரிஸ் ரசல் தெரிவித்துவிட்டார்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. சந்திரசேகர் கோபன்ஹேகனில் இருந்த லியான் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். ரோசன்ஃபெல்டும் நீல்ஸ் போரும் எடிங்டனின் வாதத்தில் பொருளில்லை என்று கண்டனர். வுல்ஃப்காங் பவுலியும் அதே கருத்தினர். ஆனால் இவர்கள் அதைத் தனிப்பட்ட முறையில் சொன்னார்களே தவிர, அவையறியச் சொல்ல முன்வரவில்லை. டிராக், பியர்ல்ஸ், பிரைஸ் ஆகிய மூவரும் சேர்ந்து எடிங்டனின் முறையை மறுத்துக் கட்டுரை வெளியிட்டது 1942இல்தான். அதற்குள் சந்திரசேகர் அமெரிக்கா சென்று, தம் கணக்குகளை 1939இல் ஒரு நூலில் தொகுத்து வைத்துவிட்டு, வேறு துறைக்கு மாறியிருந்தார்.

தனிமடலில் ஒப்புதலும் அவையில் மௌனமும் ஓர் இளைஞருக்கு எதைக் கற்பிக்கும்? உண்மையைவிடப் பெயர் பெரிது என்பதைத்தானே!

தனக்குத் தானே நடுவர்

இதற்கு முந்தைய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. நுண்கணிதத்தை முதலில் கண்டவர் நியூட்டனா, லைப்னிட்சா என்ற வழக்கை இலண்டன் அரச கழகம் 1712இல் ஒரு குழுவைக் கொண்டு விசாரித்தது. கழகத்தின் தலைவராக இருந்தவர் நியூட்டன். குழுவின் அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவரும் அவரே. பின்னர் அந்த அறிக்கைக்குப் பெயர் போடாமல் ஒரு மதிப்புரையும் எழுதிக் கழக இதழில் வெளியிட்டார். யாருடைய சொல்லையும் சொன்னவர் பெயருக்காக ஏற்காதே என்ற பொருளுடைய வாசகத்தைத் தன் குறிக்கோளாகக் கொண்ட கழகம் அது. குறிக்கோள் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் நடைமுறை விதி இல்லாவிட்டால் அது சுவரில் தொங்கும் பலகையாகவே இருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நன்னூல் தரும் அளவுகோல்

நூல் செய்வோர் பிறர் கருத்தை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஏழு மதங்களாக வகுத்துள்ளார். பிறர் கருத்துக்கு உடன்படலாம்; மறுக்கலாம்; முதலில் ஏற்றுப் பின் நீக்கலாம்; தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம்; இருவர் மாறுபட்டுச் சொன்னவற்றுள் ஒன்றைத் துணியலாம்; பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம்; பிறரோடு சேராமல் தன் கொள்கையையே கொள்ளலாம்.

இது நூலாசிரியர்க்குச் சொன்னது, அவை விதியன்று. எனினும் இரண்டு செய்திகள் நமக்கு உதவும். மறுத்தலும் குற்றம் காட்டலும் இங்கே உடன்படுதலோடு சமமாக வைக்கப்பட்டுள்ளன. அவை மரியாதைக் குறைவாக எண்ணப்படவில்லை. மேலும், இருவர் மாறுபடும்போது ஒருபக்கம் துணிந்து சொல்வதும் அறிவுடையோர் செயலாகக் கொள்ளப்பட்டுள்ளது. 1935இல் இல்லாமற்போனது இந்தத் துணிவுதான்.

நம் மாணவர்களுக்குப் பட்டிமன்றம் நன்கு பழக்கம். அங்கே கைதட்டலும் சிரிப்பும் பேச்சாளரின் வெற்றி. அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு அறிவியல் கருத்தரங்குக்குள் நுழைந்தால், சிரிப்பு வந்த பக்கமே உண்மை என்று மனம் எண்ணிவிடும்.

முடிவுரை

ஆகவே, விவாத விதிகளை எழுதுவோர் பணிவை வலியுறுத்துவதோடு நான்கு விதிகளையும் சேர்க்க வேண்டும். மறுப்பு இருந்தால், இயன்றவரை அதை உரியவரிடம் முன்கூட்டியே சொல்க. மறுக்கப்பட்டவருக்கு அதே அவையில் மறுமொழிக்கு நேரம் தருக. இது தலைவரின் கடமை. தன் வழக்கில் தானே தீர்ப்பெழுதாதே. தனியே ஒப்புக்கொண்டதை அவையிலும் ஒப்புக்கொள்.

சந்திரசேகர் எடிங்டன்மீது பகை பாராட்டவில்லை. 1982இல் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளைக் கேம்பிரிட்ஜில் நிகழ்த்தி, அவரை அக்காலத்தின் தலைசிறந்த வான் இயற்பியலர் என்றே போற்றினார். மறு ஆண்டு, 1983இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சொல்லி, முடிவில் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று அமைதி கொள்வோர் உண்டு. அவருடைய பெருந்தன்மை அவருக்கே உரியது. அவையின் தவறுக்கு அது ஈடாகாது. அவ்வளவு மனத்திண்மை இல்லாத ஒரு மாணவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதை எண்ணித்தான் விதிகளை எழுத வேண்டும்.