லீ மான்: தோற்றவர்களும் தொலைந்தவர்களும்

லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 2015இல் நிஸான் அடிவாங்கியது, 2016இல் டொயோட்டா. நிஸானைப் பார்த்துச் சிரித்த ரசிகர்கள், அடுத்த ஆண்டு டொயோட்டாவுக்காகக் கண் கலங்கினார்கள். இரண்டும் ஜப்பானிய நிறுவனங்கள்தான், இரண்டும் தோல்விதான். ஆனால் ஒன்று அத்தோடு மூட்டை கட்டியது. மற்றொன்று பின்னர் தொடர்ந்து ஐந்து முறை கோப்பையைத் தூக்கியது. இந்த வித்தியாசத்தை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

முதலில் நிஸான். எதிரிகள் எல்லாம் எஞ்சினைப் பின்பக்கம் வைத்திருந்தபோது, ஜிடி-ஆர் எல்எம் நிஸ்மோ காரின் வடிவமைப்பாளர் பென் பௌல்பி அதை முன்னால் வைத்து, முன்சக்கரங்களையே இழுக்க விட்டார். துணிச்சலான யோசனை, அதைக் குறை சொல்ல மாட்டேன். கோளாறு காலண்டரில் இருந்தது. பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஒளிபரப்பில் விளம்பரம் வந்துவிட்டது, கார் தயாராகவில்லை. சில்வர்ஸ்டோன், ஸ்பா பந்தயங்களைத் தவிர்த்துவிட்டு, உலகின் மிகக் கடினமான 24 மணி நேரத்தையே முதல் பந்தயமாக எதிர்கொண்டது.

ஃப்ளைவீல் ஹைபிரிட் அமைப்பு சரிவர இயங்காததால் அந்தச் சக்தி இல்லாமலே ஓட வேண்டியதாயிற்று. இழப்பு வேகத்தோடு நிற்கவில்லை. வண்டியின் வேகத்தைக் குறைப்பதில் ஹைபிரிட் ஏற்க வேண்டிய பங்கும் பிரேக்குகளின் மேல் விழுந்தது; அவை சூடாகித் திணறின. தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த போர்ஷேயின் நேரம் 3 நிமிடம் 16.887 நொடி; நிஸானின் சிறந்த நேரம் 3 நிமிடம் 36.995 நொடி. 20 நொடிப் பின்னடைவு என்பதால், கீழ்ப்பிரிவான எல்எம்பி2 கார்களுக்கும் பின்னால் நின்று புறப்பட வைத்தார்கள். மூன்று கார்களில் இரண்டு பாதியில் விலகின. மூன்றாவது 242 சுற்று ஓடியது. வென்ற போர்ஷே ஓடியது 395. தூரம் போதாததால் முடிவுப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. டிசம்பரில் நிஸான் திட்டத்தையே கைவிட்டது.

இதில் எதைச் சரிசெய்வது? பிரேக்கையா, ஹைபிரிட்டையா, அட்டவணையையா? ஒரு கோளாறு இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்தது. 2011இல் ஆஸ்டன் மார்ட்டினின் ஏஎம்ஆர்-ஒன் கார்கள் இரண்டும் 2, 4 சுற்றுகளோடு நின்றதும் இதே ரகம்தான்.

டொயோட்டாவின் கதை வேறு. 2014இல் முதலிடத்தில் ஓடிய கார், விடியும் வேளையில் மின்கம்பித் தொகுப்பு கருகி நின்றது. ஓட்டிக்கொண்டிருந்தவர் கசுகி நகாஜிமா. 2016இல் கடைசி சில நிமிடங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னிலை. ஸ்டியரிங் மறுபடியும் அவர் கையில். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலான காற்றுக்குழாயில் ஓர் இணைப்பு பழுதானது. கார் வேகமிழந்து பிட் சுவருக்கு எதிரிலேயே நின்றது. போர்ஷே கடந்து போனது. கடைசிச் சுற்றை 6 நிமிடத்துக்குள் முடிக்கவில்லை என்பதால் டொயோட்டாவின் அந்தக் காருக்கு இரண்டாம் இடம்கூடக் கிடைக்கவில்லை.

கொடுமைதான். ஆனால் மற்ற எல்லாம் சரியாக ஓடியதால், உடைந்தது எது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அப்படியானால் அந்த இணைப்பை மாற்றியதும் வெற்றி வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. 2017இல் டொயோட்டா ஓட்டுநர் கோபயாஷி 3 நிமிடம் 14.791 நொடியில் சாதனை படைத்து முதலிடத்திலிருந்து புறப்பட்டார். இரவில், பிட் வாசலில் காத்திருந்தபோது ஆரஞ்சு உடையில் வந்த வேறொரு அணி ஓட்டுநரை மார்ஷல் என்று நினைத்து, அவர் காட்டிய சைகையை நம்பி வண்டியை நகர்த்தினார். அந்தக் குழப்பத்தில் நின்று நின்று புறப்பட்டதில் கிளட்ச் தீய்ந்தது. அன்றிரவே இன்னொரு கார் மோதலில் டயர் கிழிந்து வெளியேறியது. மற்றொன்றுக்குப் பழுதுபார்க்கவே இரண்டு மணி நேரம் போனது.

டொயோட்டாவின் உண்மையான பலவீனம் அன்றுதான் வெளிப்பட்டது. பாகங்களைச் சோதித்திருந்தார்கள், எதிர்பாராததைச் சமாளிக்க ஒத்திகை பார்க்கவில்லை. 2018க்கான சோதனை ஓட்டங்களில் தாங்களே கோளாறுகளை உண்டாக்கி, மூன்று சக்கரத்தில்கூட வண்டியை பிட்டுக்குக் கொண்டுவரப் பழகினார்கள். அந்த ஆண்டு வெற்றிக்கோட்டைக் கடந்த டொயோட்டாவை ஓட்டியவரும் நகாஜிமாதான்.

அப்போது ஆடியும் போர்ஷேயும் களத்தில் இல்லை என்று சிலர் அந்த வெற்றியின் எடையைக் குறைப்பார்கள். நியாயமான வாதம், 2023இல் ஃபெராரி திரும்பி வந்ததும் டொயோட்டா தோற்கவே செய்தது. ஆனாலும் பந்தயத்தில் நிலைத்து நின்றவருக்குத்தான் எதிரி விலகிய ஆண்டின் பலனும் கிடைக்கும். லீ மானுக்கு வரத் திட்டமிடும் எந்த நிறுவனமும் விளம்பரத் தேதியைக் குறிக்கும் முன், கார் ஒரு முறையாவது 24 மணி நேரம் ஓடி முடித்ததா என்று தன் பொறியாளர்களிடம் கேட்கட்டும்.