துடைப்பதும் அடைப்பதும்

சொத்தையைக் குடைந்தெடுத்த பிறகு, அடைப்பு வைப்பதற்கு முன், குழியைக் கிருமிநாசினியால் துடைக்கும் வழக்கம் பல பல் மருத்துவர்களிடம் உண்டு. இதற்குக் காரணமும் இருக்கிறது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் குழியிலும், எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினின் நுண்குழல்களுக்குள் பாக்டீரியா தங்கியிருக்கும். ஆனால் மருந்தின் வேலை கிருமியைக் கொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. அடைப்பு பற்றிக்கொள்ள வேண்டிய பரப்பையும் அது மாற்றிவிடுகிறது. எந்த மருந்து, எந்த அடைப்பு என்று பார்க்காமல் பழக்கத்தில் துடைப்பது எனக்கு உடன்பாடில்லை.

பல்லின் நிறத்திலேயே வைக்கும் காம்போசிட்டை எடுத்துக்கொள்வோம். டென்டினில் சுமார் 37% பாஸ்பாரிக் அமிலத்தை 15 விநாடி தடவிக் கழுவினால், தாதுக்கள் கரைந்து கொலாஜன் இழைகள் வெளிப்படும். அந்த இழைகளுக்குள் ரெசின் ஊறி இறுகுவதில்தான் பிடிப்பே இருக்கிறது. வேர் சிகிச்சையில் கைகண்ட மருந்தான சோடியம் ஹைப்போகுளோரைட் இங்கே இரண்டு விதத்தில் கெடுதல் செய்யும்: கொலாஜனைக் கரைக்கும், அது விட்டுச்செல்லும் ஆக்சிஜன் ரெசினை முழுதாக இறுகவும் விடாது. பிறகு சோடியம் அஸ்கார்பேட் தடவினால் பிடிப்பு பெருமளவு மீள்வதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் நாமே உண்டாக்கிய சேதத்தைச் சரிசெய்ய இன்னொரு மருந்து எதற்கு?

2% குளோர்ஹெக்சிடினின் கதை வேறு. டென்டினுக்குள்ளேயே எம்.எம்.பி. என்னும் நொதிகள் புதைந்திருக்கின்றன. அமிலம் பட்டதும் அவை செயல்படத் தொடங்கி, ரெசின் எட்டாத கொலாஜனை மாதக்கணக்கில் அரிக்கும். குளோர்ஹெக்சிடின் அந்த நொதிகளைத் தடுக்கிறது. ஆய்வகத்தில் பிடிப்பு நீடிக்கிறது. ஆனால் நோயாளிகளிடம் செய்த சோதனைகளில், அடைப்பு கூடுதல் காலம் நின்றதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. தனியாக அமிலம் தடவிக் கழுவாத செல்ஃப்-எட்ச் முறையிலோ முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன.

இந்த முரண்பாட்டில் சோதனை முறைக்கும் பங்குண்டு. கசிவை அளக்க, பிடுங்கிய பல்லில் அடைத்து, 5 டிகிரி, 55 டிகிரி நீரில் மாற்றி மாற்றி முக்குவார்கள். பிறகு மெத்திலீன் ப்ளூவில் ஊறவைத்து, பல்லை நெடுக அறுத்து, விளிம்போரம் நீலம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சாய மூலக்கூறு பாக்டீரியாவைவிடப் பல மடங்கு சிறியது. அது புகுந்த வழியில் கிருமியும் புகும் என்று சொல்லிவிட முடியாது. அறுத்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி அறுத்தால் மதிப்பெண்ணே மாறக்கூடும். பிடுங்கிய பல்லில் உயிருள்ள பற்கூழின் திரவ அழுத்தமும் கிடையாது.

மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் குழு 1998-இல் வெளியிட்ட 10 ஆண்டு ஆய்வு எனக்கு இதைவிடக் கனமான சான்று. சொத்தையை அகற்றாமலேயே அதன்மேல் காம்போசிட் வைத்து, விளிம்பை நன்றாக மூடினார்கள். உள்ளே சொத்தை முன்னேறாமல் நின்றது. கசியாத அடைப்பு, உணவு கிடைக்காமல் செய்து கிருமியை முடக்கிவிடுகிறது. ஆகவே ரப்பர் டேம் போட்டு எச்சில் படாமல் வேலை செய்வதற்கும், பாண்ட் என்னும் ஒட்டும் ரெசினைப் பொறுமையாகத் தேய்த்து ஊறவிடுவதற்கும்தான் முதலிடம் தருவேன். அமிலம் தடவிக் கழுவும் முறையில் குளோர்ஹெக்சிடின் சேர்ப்பதை மறுக்கமாட்டேன். நோயாளிக்கு அதனால் ஒவ்வாமை வந்ததுண்டா என்று மட்டும் முதலில் கேட்டுவிட வேண்டும். காம்போசிட் வைக்கப்போகும் குழியில் ஹைப்போகுளோரைட் வேண்டாம்.