இன்சுலின் கதையில் விடுபட்டவர்கள்

கோடை வெப்பம், ஒரு சிற்றறை, சில நாய்கள், இரண்டு இளைஞர்கள். இன்சுலின் கண்டுபிடிப்பைப் பற்றி நீங்கள் இப்படித்தான் படித்திருப்பீர்கள். பான்டிங்கும் பெஸ்டும் வீரர்கள். பேராசிரியர் மக்ளவுட் விடுமுறைக்குப் போயிருந்துவிட்டுப் பரிசில் பங்கு பெற்றவர். சுவையான கதைதான், ஆனால் பாதிக் கதை.

1921-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வறை, நாய்கள், உதவிக்குப் பெஸ்ட் ஆகிய மூன்றையும் தந்தவர் அந்த மக்ளவுட்தான். ஆராய்ச்சிப் பழக்கம் அதிகமில்லாத ஓர் அறுவை மருத்துவரை நம்பி இவ்வளவு கொடுப்பது எளிதா, சொல்லுங்கள்!

1922 ஜனவரி 11-ஆம் நாள், இருவரும் தயாரித்த கணையச் சாற்றை 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். இரத்தச் சர்க்கரை ஓரளவே குறைந்தது; ஊசி போட்ட இடத்தில் கட்டி எழும்பியது. சிகிச்சை நிறுத்தப்பட்டது. 12 நாள் கழித்து அவனைத் தேற்றியது, உயிர்வேதியியலார் காலிப் தூய்மைப்படுத்திய சாறு. ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தி, வேண்டாத புரதங்களை அவர் நீக்கியிருந்தார். (வீரக் கதைகளில் வடிகட்டுபவருக்கு இடம் ஏது?)

மைக்கேல் பிளிஸ் 1982-இல் வெளியிட்ட வரலாற்று நூல் இந்த நால்வரின் பங்கையும் பொறுமையாக எடை போடுகிறது. 1923-இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்ளவுடுக்கும் கிடைத்தது. முன்னவர் தம் தொகையில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். பின்னவர் காலிப்புக்குக் கொடுத்தார்.