காயல் வரலாறும் நம் எழுத்தாளர்களும்

தாமிரபருணி கடலோடு கலக்கும் கரையைக் குறித்து நம்மவர் எழுதிய கட்டுரைகளையும் விழா மலர்களையும் அண்மையில் ஒருசேரப் படித்தோம். மகிழ்ச்சியைவிட மனக்குறையே மிஞ்சியது. பெரும்பாலானவை ஒரே வழக்கையே வாதாடுகின்றன: 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் எது? கால்டுவெல் பாதிரியார் 1881இல் வெளியான தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் அது ஆற்றின் வடபுறத்துப் பழையகாயலே என்றார். அங்குக் கிடந்த சீனப் பீங்கான் ஓடுகளையும் சான்றாகக் காட்டினார். தென்புறத்துக் காயல்பட்டினமே அது என்பது நம்மவர் மறுப்பு. ஊர்ப்பற்றை நாம் குறை கூறவில்லை. ஆயினும் இரு தரப்பாரும் ஆற்றை மறந்துவிட்டனரே!

கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று அவ்வூரில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. பல கிலோமீட்டர் தொலைவுக்கு விலகிவிட்டது. ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்தது. மரக்கலங்கள் அணுக இயலாதபோது வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. காயலையும் அதே வண்டல் விடவில்லை. பின்னர்த் தூத்துக்குடி எழுந்தது. கால்டுவெல் இதனைத் தெளிவாகவே கண்டிருந்தார். அவரை மறுக்க முற்பட்டோர் அந்தப் பக்கங்களைப் பொறுமையோடு படித்திருந்தால், கரையே இடம்பெயரும் நாட்டில் துறைமுகமும் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை உணர்ந்திருப்பர். வழக்கின் சூடும் பாதியாகத் தணிந்திருக்கும்.

அடுத்தது குதிரை வணிகம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவின் மலிக் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை இக்கரைக்கு அனுப்பினார் என்றும், குதிரை ஒன்றின் விலை 220 தீனார் என்றும் எழுதினார். இந்த இரு எண்களையும் நம் கட்டுரையாளர்கள் பெருமிதத்தோடு எடுத்தாளுகின்றனர். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுக்க வேண்டுமென்ற உடன்பாட்டையும் அவரே குறித்திருக்கிறார். அதனை மட்டும் பலர் விட்டுவிடுகின்றனர். குதிரை மருத்துவர் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்று மார்க்கோ போலோ கூறுவதும் அவர்கள் எழுத்தில் இடம்பெறுவதில்லை. அவர் கேட்டெழுதியது மிகையாகவும் இருக்கலாம். ஆராய்ந்து மறுத்தால் ஏற்போம், மறைப்பது முறையன்று. அளவையிலும் நிறுவையிலும் நேர்மையை வற்புறுத்தும் மார்க்கத்தினரான நாம், முன்னோர் காலத்து வாணிபத்தையும் அதே தராசில் வைத்துப் பார்க்க அஞ்சலாமா?

முத்துக்குளிப்பைப் பற்றிய பகுதிகள் இன்னும் மெலிந்தவை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பார்போசா, முத்து வருவாயைக் குத்தகை எடுத்திருந்த ஒரு செல்வ முஸ்லிமைக் காயலில் கண்டார். பிறகு அவ்வதிகாரம் போர்ச்சுக்கீசியரிடம் போயிற்று, 1658இல் தூத்துக்குடியை டச்சுக்காரர் கைப்பற்றினர், அதன்பின் ஆங்கிலேயர். குத்தகைக்காரரின் செல்வத்தை விரித்துரைக்கும் நம் எழுத்தாளர்கள், கல்லைக் காலில் கோத்து, மூச்சடக்கி, கயிற்றை நம்பி இறங்கியவனுக்கு ஒரு பத்தி கூட ஒதுக்கவில்லை. அவன் முஸ்லிமாகவும் இருந்தான், பரதவனாகவும் இருந்தான். இருவரும் ஒரே பார்களில் மூழ்கியவர்கள். இவ்வுறவை எழுதாமல் இக்கரையின் வரலாற்றை எங்ஙனம் எழுதுவது?

சான்றுகள் இல்லையென்று சொல்வதற்கில்லை. காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களின் மீசான் கற்கள் நிற்கின்றன. பழைய வீடுகளின் பெட்டகங்களில் அரபுத்தமிழ் ஏடுகள் உறங்குகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் தொகை ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. (புதுவீடு கட்டும்போது அவை பழைய தாள் விலைக்குப் போவதை நாமே கண்டிருக்கிறோம்.)

தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் கடலில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். நாம் படித்த கட்டுரைகளுள் ஒன்றேனும் அத்தகைய ஒருவரிடம் சென்று கேட்டு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.