எழுதக் கூடாத கதைகள்

மாயக் கதை எழுதுகிறவருக்கு எல்லையே கிடையாது என்று ஒரு நினைப்பு நம்மிடையே இருக்கிறது. யதார்த்த நாவல் எழுதுகிறவர் தெருவுக்கும் வீட்டுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். மாயக் கதை எழுதுகிறவர் மலையைப் பறக்க விடலாம், மிருகத்தைப் பேச விடலாம், கேட்பாரில்லை. கனடா நாட்டு நாவலாசிரியை ஈடன் ராபின்ஸனைப் படிக்கும்போது இந்த நினைப்பு நிலைக்காது. கேட்பார் உண்டு என்பதுதான் அவர் எழுத்துக்கே ஆதாரம்.

1968இல் பிறந்தவர் அவர். ஹைஸ்லா, ஹெயில்ட்ஸுக் என்ற இரண்டு பூர்வகுடிகளின் வழிவந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியாவில், மலைகளுக்கிடையே கடல் நீளமாக உட்புகுந்து கிடக்கும் இடத்திலுள்ள கிட்டமாட் அவருடைய ஊர். 2011இல் சிறு நூலாக வந்த அவருடைய சொற்பொழிவு ஒன்றில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. உறவில் மூத்த பெண்மணி ஒருவர் அவருக்குச் சில விதிகளைச் சொல்லிக் கொடுக்கிறார். குலக்கதைகள் தனித்தனிக் குடும்பங்களுக்குச் சொந்தம். உரியவர்களிடம் அனுமதி பெற்று, விருந்தும் நடத்தினால்தான் அவை அச்சேறலாம். குழந்தைகளுக்கு நல்லது கெட்டது சொல்லித்தர வழங்கும் கதைகளை மட்டும் பொதுவாக எல்லோரும் எடுத்தாளலாம்.

எழுத்தாளரின் சுதந்திரம் பற்றி உரக்கப் பேசுகிற நமக்கு இது கட்டுப்பாடாகவே படும். ஆனால் இந்தக் கட்டுப்பாட்டினால்தான் அவருடைய முதல் நாவலான 'மங்கி பீச்' (2000) நல்ல நாவலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடலுக்கு மீன் பிடிக்கப் போன தம்பி ஜிம்மி காணாமற் போகிறான். அக்காள் லிஸமேரி படகெடுத்துக்கொண்டு தனியே புறப்படுகிறாள். கதை இவ்வளவுதான். போகும் வழியெல்லாம் பழைய நினைவுகள். எல்விஸ் பிரெஸ்லியின் மகள் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பெண்ணுக்கு, துன்பம் வருமுன் செம்பட்டைத் தலைமயிருள்ள குள்ளன் ஒருவன் தெரிகிறான். மனோதத்துவ நிபுணரிடம் அழைத்துப் போகிறார்கள். அவர் கேட்க விரும்புவதைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். பாட்டி மா-மா-ஊ செத்துப்போன கணவனுக்காக நெருப்பில் உணவை இடுகிறாள். அந்தக் குள்ளன் யார், எங்கிருந்து வந்தான் என்று ஆசிரியை முழுமையாக விளக்குவதில்லை. விளக்கியிருந்தால் அவன் மியூஸியத்துப் பொம்மையாகியிருப்பான். சொல்லாமல் விட்டதில் பயமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

இந்த நாவலில் மாயத்தைவிட ஆச்சரியமானது ஊலிகன் என்ற சிறு மீன். வசந்த காலத் தொடக்கத்தில் ஆற்றில் ஏறி வரும் இந்த மீனிலிருந்து எடுக்கும் நெய் அந்த மக்களின் சாப்பாட்டில் உயிர் போன்றது. கிட்டமாட்டில் 1954இல் அலுமினிய உருக்காலை வேலை செய்யத் தொடங்கியது. பிறகு காகிதக்கூழ் ஆலையும் வந்தது, அதன் கழிவு ஆற்றில் கலந்து மீனின் ருசி கெட்டது, மீனும் அருகிவிட்டது. நெய் எடுக்கும் முறையை ராபின்ஸன் வரிசையாக, நிதானமாகச் சொல்கிறார். பேய்க்கும் மீனுக்கும் ஒரே குரல்தான். இரண்டும் கண்முன்னே மறைந்துகொண்டிருப்பவை என்பதைப் படிக்கிறவர் தாமே உணர்ந்துகொள்கிறார். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த விடுதிப் பள்ளிகள் கனடாவில் நூறாண்டுக்கும் மேலாக, 1990களின் பிற்பகுதிவரை இருந்தன. அவற்றின் கொடுமையும் இந்தக் குரலிலேயே வருகிறது.

2017, 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று நாவல்களில் அவர் வீகிட் என்ற மாயக்காரனை எடுத்துக்கொண்டார். காக்கை இனத்துப் பெரும் பறவையாக உருவெடுக்கும் இந்தப் போக்கிரியின் கதைகள் குழந்தைகளுக்குச் சொல்லப்படுபவை; ஆகவே விதிக்கு உட்பட்டவை. முதல் பாகத்தில் வரும் ஜாரெட் என்ற பையனை மறக்க முடியாது. கஞ்சா கலந்த பிஸ்கோத்து விற்று, பெரியவர்கள் கட்டவேண்டிய பணத்தைக் கட்டுகிறான். வீகிட்தான் தன் தகப்பன் என்று அவனுக்குத் தெரியவருகிறது. அது ஒரு கஷ்டம். மாதக் கடைசி அதைவிடக் கஷ்டம். இந்த நகைச்சுவை அசலானது.

மூன்றாம் பாகத்தில் இந்த நிதானம் குலைந்துவிடுகிறது. மனிதரைத் தின்னும் அரக்கி, வேற்றுலகங்கள், ரத்தம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எதுவும் நடக்கலாம் என்று ஆகிவிட்டபின் எது நடந்தாலும் மனம் பதறுவதில்லை. பெரியவர்கள் அனுமதித்த கதைதான். ஆனால் கலைக்கும் ஒரு பெரியவர் உண்டு, அவரை இங்கே கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் குறையினால் ராபின்ஸன் சிறிய எழுத்தாளராகிவிட மாட்டார். ஒரு சமூகத்துக்குச் சொந்தமானதைத் திருடாமலேயே அந்தச் சமூகத்தை முழுமையாக எழுதிவிடலாம் என்று 'மங்கி பீச்' செய்து காட்டியிருக்கிறது. அவரைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் அதிலேயே தொடங்கலாம்.